அரியணைக்கு விலை கொடுத்தவர்கள் யார்?

கி.பி. 69ஆம் ஆண்டில் ரோமாபுரி நான்கு பேரரசர்களைக் கண்டது. கால்பா கொல்லப்பட்டார், ஓத்தோ தற்கொலை செய்துகொண்டார், விட்டெல்லியஸ் வெட்டி வீழ்த்தப்பட்டார், வெஸ்பாசியன் எஞ்சினார். அரசர்களை ஆக்கியதும் அழித்ததும் படைகளே. வென்றவரின் அதிகாரங்களுக்கு செனட் சபை பிறகுதான் சட்ட வடிவம் தந்தது. முதலில் வாள், பின்னர் சட்டம். வாரிசுரிமையின் மெய்யான வரிசை இதுவே.

திருவிதாங்கூரின் வரலாறும் இதற்கு விலக்கல்ல. வேணாட்டு மன்னர் ராமவர்மா மறைந்ததும், 1729இல் மருமக்கள்தாய முறைப்படி மார்த்தாண்ட வர்மா அரியணை ஏறினார். மன்னரின் புதல்வர்களான தம்பிமார் உரிமை கோரினர். நிலப்பிரபுக்களான எட்டுவீட்டுப் பிள்ளைமார் அவர்கள் பக்கம் நின்றனர். அந்தப் பகையில் மார்த்தாண்ட வர்மா உயிர் தப்ப ஒளிந்ததாகச் சொல்லப்படும் பலாமரம், அம்மச்சிப் பிலாவு, நெய்யாற்றின்கரை கிருஷ்ணன் கோயில் வளாகத்தில் இன்றும் போற்றப்படுகிறது.

வென்றபின் பிள்ளைமார் தூக்கிலிடப்பட்டனர். அவர்களது பெண்களும் குழந்தைகளும் மீனவர்களிடம் ஒப்படைக்கப்பட்டதாக மரபுச்செய்தி கூறுகிறது. உழைத்து வாழும் மக்களோடு சேர்ந்து வாழ்வதையே தண்டனையாகக் கருதிய அரண்மனையின் சாதியத்திற்கு வேறு சான்று வேண்டுமா? 1750இல் நாடு முழுவதும் பத்மநாப சுவாமிக்குக் காணிக்கையாக்கப்பட்டது. ரோமில் செனட் செய்ததை இங்கே திருப்படிதானம் செய்தது. அதன்பின் அரசனை எதிர்ப்பது தெய்வ நிந்தனையாயிற்று.

சிதறிக் கிடந்த நிலப்பிரபுக்களின் ஆதிக்கம் உடைந்ததையும், 1741இல் குளச்சலில் டச்சுப் படை முறியடிக்கப்பட்டதையும் மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த வெற்றிகளால் சேற்றில் இறங்கி உழுதவனுக்குக் கிடைத்தது என்ன? அடிமைமுறை ஒழிய 1855 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நாடார் பெண்கள் மேலாடை உரிமையை நெடிய போராட்டத்தின் பின் 1859இல்தான் வென்றனர். 1938 ஆகஸ்ட் 31 அன்று பொறுப்பாட்சி கோரித் திரண்ட மக்கள்மீது இதே நெய்யாற்றின்கரையில் அரச படை துப்பாக்கிச்சூடு நடத்தியது; வீரராகவன் உள்ளிட்டோர் உயிர்த்தியாகம் செய்தனர்.

மன்னராட்சியைப் பொற்காலம் என இன்று பாடுவோர் பலாமரத்தை மட்டுமே காட்டுகின்றனர். அதியன்னூரிலும் பாறசாலையிலும் தமிழும் மலையாளமும் பேசும் உழைப்பாளி மக்களுக்கு அந்தத் துப்பாக்கிச்சூட்டின் வரலாறும் சொந்தம். மரம் ஓர் அரசனைக் காத்தது. மக்களைக் காத்தது மக்களின் போராட்டமே. இதைத் தலைமுறைதோறும் எடுத்துரைப்பது ஜனநாயக சக்திகளின் கடமை.