விசார்டைக் குறைக்காதீங்க, ஃபைட்டரை ஏத்துங்க

டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுற எந்த கேங்கை எடுத்தாலும் அதுல ஒருத்தன் இருப்பான். ஒருத்தியாவும் இருக்கலாம். முதல் வாரம் "நான் ஃபைட்டர்!" என்று ஆசையாகச் சேர்ந்திருப்பான். ரெண்டு மாசம் கழிச்சுப் பாருங்க. அவன் முறை வரும்போது "அடிக்கிறேன்" என்பான், டைஸை உருட்டுவான், மறுபடி மொபைலுக்குள் போயிடுவான். அப்புறம் ஒருநாள் "அசைன்மென்ட் இருக்குடா" என்று வராமலே நின்னுடுவான். அசைன்மென்ட் எதுவும் இல்லைன்னு உங்களுக்கும் தெரியும்.

ஆடிப் பார்க்காதவங்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். டன்ஜியன் மாஸ்டர், சுருக்கமா டிஎம், கதையை நடத்துவார். மத்தவங்க ஆளுக்கொரு பாத்திரம். ஃபைட்டர் வாள் வீசுவார், ரோக் பூட்டைத் திறப்பார், விசார்ட் மந்திரம் போடுவார். லெவல் ஏற ஏற விசார்ட் எங்கேயோ போயிடுவார், மத்தவங்க பின்னாடி நிப்பாங்க. "லீனியர் ஃபைட்டர், குவாட்ராடிக் விசார்ட்" என்று இதுக்கு ஒரு பழைய பெயரே உண்டு. நம்ம ஆளுங்களுக்கு கிராஃப் போட்டுக் காட்ட வேண்டியதில்லை.

ஐந்தாம் பதிப்புல லெவல் 5 கணக்கைப் பாருங்க. ஃபைட்டர் பெரிய வாளால் ரெண்டு தடவை வெட்டலாம். ஸ்ட்ரென்த் +4 இருந்து, ரெண்டும் பட்டால் சராசரி 22 டேமேஜ். விசார்டின் ஃபயர்பால் எட்டு ஆறுமுக டைஸ், சராசரி 28. அதுவும் 20 அடி ஆரத்துக்குள் நிற்கிற ஒவ்வொருத்தருக்கும். தப்பிச்சவங்களுக்கும் பாதி விழும்.

ஆனா எனக்கு டேமேஜ் பெரிய பிரச்சினையா படலை. ஃபயர்பாலை ஒரு நாளைக்கு ரெண்டு மூணு தடவைதான் போட முடியும், வாளுக்கு அந்தக் கணக்கு கிடையாது. நிஜமான பிரச்சினை சண்டைக்கு வெளியே இருக்கு. பூட்டின கதவா? நாக் ஸ்பெல் போட்டால் திறந்துடும், டைஸே வேண்டாம். அதே கதவை உடைக்க ஃபைட்டர் டைஸ் உருட்டணும், 3 விழுந்தால் டேபிளே சிரிக்கும். லெவல் 13-ல் விசார்ட் டெலிபோர்ட் போட்டு மொத்த கேங்கையும் வேற ஊருக்குக் கொண்டுபோவார். லெவல் 17-ல் விஷ், அதாவது நினைச்சதைக் கேட்கலாம். லெவல் 20-ல் ஃபைட்டருக்கு என்ன கிடைக்குது? நாலாவது வெட்டு. ஒருத்தர் கதையை எழுதுறார், இன்னொருத்தர் அதுல வர்ற சண்டையில் வேலை பார்க்கிறார். மொபைலை எடுக்காம என்ன செய்வான்?

ஆரம்பத்தில் இவ்வளவு மோசமில்லை. 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட விளையாட்டில், முதல் லெவல் மந்திரவாதிக்கு நாளைக்கு ஒரே ஒரு ஸ்பெல். 1978-ல் வந்த அட்வான்ஸ்டு பதிப்பின் பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில் அவர் உயிருக்கு உருட்டுவது நாலுமுக டைஸ், ஃபைட்டருக்குப் பத்துமுகம். மந்திரம் சொல்லும்போது அடிபட்டால் அந்த ஸ்பெல்லே வீண். இன்னொரு பக்கம், 9-வது லெவல் ஃபைட்டர் கோட்டை கட்டி நாட்டைப் பிடிக்கலாம், படைவீரர்கள் தேடி வந்து சேருவாங்க. அதாவது ஃபைட்டருக்கும் உலகத்தை மாத்துற சக்தி இருந்துச்சு. பிறகு வந்த பதிப்புகளில் விசார்டின் கடிவாளம் தளர்ந்தது, ஃபைட்டரின் கோட்டையும் போச்சு. விசார்ட் வளர்ந்ததையே பேசுறோம், ஃபைட்டர் இழந்ததை யாரும் பேசுறதில்லை.

சரிபண்ண முயற்சி நடக்காமல் இல்லை. 2008-ல் வந்த நான்காம் பதிப்பு எல்லாருக்கும் ஒரே அமைப்பில் சக்திகளைக் கொடுத்தது. பேலன்ஸ் வந்தது, ஆனா எல்லா பாத்திரமும் ஒரே மாதிரி இருக்குன்னு பலர் புலம்பினாங்க. 2014-ல் கான்சன்ட்ரேஷன் விதி வந்தது. தொடர்ந்து கவனம் வேண்டிய ஸ்பெல்களில் ஒரு நேரத்துக்கு ஒண்ணுதான் ஓடும். 2024-ல் ஆயுதங்களுக்கு வெப்பன் மாஸ்டரி சேர்ந்தது. நல்ல விஷயம்தான், ஆனா அதுவும் சண்டைக்குள்ளேயே நிக்குது.

"மந்திரம்னா மந்திரம் மாதிரி இருக்கணும், அதைக் குறைச்சால் என்ன சுவாரசியம்?" என்று விசார்ட் பிரியர்கள் கேட்பீங்க. நியாயம். குறைக்கச் சொல்லலை. டிஎம்-களிடம் மூணே மூணு கோரிக்கை.

ஒண்ணு, ஓய்வை இலவசமாகக் கொடுக்காதீங்க. 2014 டிஎம் புத்தகமே ஒரு நாளைக்கு ஆறிலிருந்து எட்டு மோதல்களை வெச்சுத்தான் கணக்குப் போடுது. நீங்க ஒரு சண்டை வெச்சுட்டு தூங்கவிட்டால் விசார்ட் ஜெயிக்கத்தான் செய்வார். விடியறதுக்குள்ள பிணைக்கைதியை மீட்கணும்னு வெச்சுப் பாருங்க, ஒவ்வொரு ஸ்பெல்லுக்கும் யோசிப்பார்.

ரெண்டு, டைஸ் இல்லாம பூட்டைத் திறக்க விசார்டால் முடியும்னா, லெவல் 11 ஃபைட்டர் சாதாரண மரக்கதவை உடைக்கவும் டைஸ் கேட்காதீங்க.

மூணு, கோட்டையைத் திருப்பிக் கொடுங்க. பத்து போர் பார்த்த ஃபைட்டரை ஊர்க் காவலன் அடையாளம் கண்டு வழிவிடட்டும். தளபதி அவர்கிட்ட மட்டும் ஆலோசனை கேட்கட்டும். எந்த ஸ்பெல்லாலும் வாங்க முடியாத மரியாதை அது.

அடுத்த செஷன்ல டேமேஜை எண்ணாதீங்க. கதையை யார் யார் எத்தனை தடவை திருப்பினாங்கன்னு ஒரு பேப்பர்ல கோடு போட்டு வாங்க. ரெண்டு வாரமா ஒருத்தர் பெயருக்கு நேரே ஒரு கோடுகூட இல்லைன்னா, அவர்கிட்ட போய்ப் பேசுங்க. அசைன்மென்ட் காரணம் வர்றதுக்கு முன்னாடி.