புகைவண்டி ஊரும் அயலவர் மொழியும்

ஊர் என்பது மக்கள் நிலைத்து வாழும் இடம். ஊர்தல் என்பதோ இடம்பெயர்தல். இவ்விரு பொருளும் ஒருங்கே பொருந்தும் ஊர்கள், 1864ஆம் ஆண்டிலே கொழும்பிலிருந்து அம்பேபுசைக்கு முதற் புகைவண்டி ஓடிய பாதையோரத்தில் இன்று பல உள. களனி ஆற்றுக்கு வடக்கேயுள்ள ஹுணுப்பிட்டியை எடுத்துக்கொள்வோம். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், மலாயர் ஆகியோர் அங்கே அயலவர். அவருட் பலர் விடியலிலே கொழும்புக் கந்தோர்களுக்குப் புறப்பட்டு, விளக்கு வைத்தபின் வீடு திரும்புவர்.

இத்தகைய ஊர்களிற் சச்சரவில்லை, ஆகவே ஒற்றுமை நிலவுகிறது என்பர் மேடைப் பேச்சாளர். நான் ஒப்பேன். பகலெல்லாம் ஊரில் இல்லாதார் எவ்வாறு சச்சரவிடுவர்?

பொங்கலும் நோன்புக் கஞ்சியும் வெசாக் காலத்துச் சிற்றுண்டியும் மதிலுக்கு மேலால் கைமாறுகின்றன, உண்மைதான். ஆனால், பண்டம் இருபுறமும் போகிறது. மொழி ஒருபுறமே போகிறது. தமிழர் சிங்களம் பேசப் பழகிவிடுகின்றனர். பலர் அதன் எழுத்தறியார். சிங்கள அயலாரிற் பலரோ தமிழில் நலம் விசாரிக்கவும் அறியார். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. சட்டம் மதிலைத் தாண்டவில்லை.

சிதத் சங்கராவ என்னும் பழைய சிங்கள இலக்கணத்தில் வீரசோழியத்தின் சாயலைக் கண்ட அறிஞர் உளர். இலக்கணமே கைமாறிய நாட்டில், ஒரே பெட்டியில் தோளுரச நிற்போர் ஒருவர் மொழியை மற்றவர் கல்லாதிருப்பது என்ன நியாயம்?

வார இறுதியில் ஊரார் ஊரில் இருக்கின்றனர். பூட்டிக் கிடக்கும் பாடசாலையொன்றைச் சனிக்கிழமை மாலை திறந்து, ஒரு மணி நேரம் சிங்களமும் ஒரு மணி நேரம் தமிழும் கற்பிக்கலாம். இளைப்பாறிய ஆசிரியர் எல்லா இனத்திலும் உளர். பிள்ளைகளுக்கு முன்னதாக, கந்தோருக்குப் போகும் தாய் தந்தையரே அந்த வாங்குகளில் அமர வேண்டும்.