கான்ஸ்டன்டைன் முட்டாள்னா, த்ரான் யாரு?

ரொம்ப நாளா மனசுல அரிச்சுக்கிட்டு இருந்த மேட்டர். போன வாரம் நண்பர் ஒருத்தர்கூட டீக்கடையில பேச்சு "ஸ்டார் வார்ஸ் ரெபெல்ஸ்" பக்கம் போச்சு. "அந்தக் கான்ஸ்டன்டைன் லூசு மட்டும் இல்லேன்னா த்ரான் அன்னிக்கே ஜெயிச்சிருப்பாரு மச்சி"ன்னு ஆரம்பிச்சாரு. இதை ஒரு நூறு பேராவது எங்கிட்ட சொல்லியிருப்பாங்க. எல்லாரும் தப்பு. ஏன்னு சொல்றேன், ஆட்டோ அனுப்பாம படிங்க.

தெரியாதவங்களுக்கு முன்கதைச் சுருக்கம். ரெபெல்ஸ், 2014 அக்டோபர்ல ஆரம்பிச்சு 2018 மார்ச்ல முடிஞ்ச அனிமேஷன் தொடர். பேரரசை எதிர்க்கிற ஒரு சின்ன கப்பல், அதுல ஆறு பேர். முதல் ரெண்டு சீசன் அவங்களைத் துரத்தித் தோத்தவங்க பட்டியல் பெருசு. அதுல ஒருத்தர் அட்மிரல் கான்ஸ்டன்டைன். முழுப்பேர் காஸியஸ் கான்ஸ்டன்டைன். நரைச்ச தலை, விறைப்பான நடை, எப்பவும் லேசா அவமானப்பட்ட மாதிரி ஒரு மூஞ்சி. ரெண்டாவது சீசன் முதல் கதையிலேயே கிளர்ச்சிக்காரங்க கப்பலைப் புடிக்க இழுவைக் கதிரைப் போட்டா, அதுல மாட்டுனது டார்த் வேடர் ஓட்டிக்கிட்டு வந்த கப்பல்! இதைவிடச் சின்ன தப்புக்கு 1980ல வந்த படத்துல அட்மிரல் ஓஸலுக்குக் கழுத்து நெரிஞ்சது. நம்ம ஆள் தப்பிச்சிட்டாரு. அதிர்ஷ்டக்காரர்னு நினைச்சோம்.

மூணாவது சீசன்ல, 2016ல, கிராண்ட் அட்மிரல் த்ரான் வர்றாரு. நீலத் தோல், சிவப்புக் கண்ணு. டிமதி ஸான் 1991ல நாவலுக்காகப் படைச்ச பாத்திரம். எதிரியோட ஓவியத்தையும் சிற்பத்தையும் பாத்தே அந்த இனம் எப்படிச் சண்டை போடும், எங்கே உடையும்னு கணக்குப் போடுற மனுஷன். நாவல்கள் எல்லாம் இனி கதைக் கணக்குல இல்லைன்னு 2014ல அறிவிச்சப்போ வயிறெரிஞ்ச கூட்டத்துல நானும் ஒருத்தன். அவரு திரும்பி வர்றாருன்னு கேட்டதும் ஆபீஸ்ல ஆணி புடுங்குறதை விட்டுட்டு ட்ரெய்லரை எத்தனை தடவை பாத்தேன்னு கணக்கே இல்லை. அதனால என்னை த்ரான் எதிரின்னு முத்திரை குத்தாதீங்க. கோவமே அதனாலதான்.

இப்ப 2017 மார்ச்ல வந்த "ஸீரோ அவர்" கதைக்கு வருவோம். அட்டலான்ங்கிற கிரகத்துல இருக்கிற ரகசியத் தளத்தை த்ரான் கண்டுபிடிச்சிடறாரு. எப்படி? காலஸ் அனுப்புன செய்தி போன திசையையும், தன் சேகரிப்புல இருந்த பழைய கலைப்பொருள் ஒண்ணையும் சேர்த்துப் பாத்து, பேரரசோட வரைபடத்துலயே இல்லாத கிரகத்தைப் புடிக்கிறாரு. கை தட்டலாம். அப்புறம் படையோட வந்து வளைக்கிறாரு. தப்பிச்சு ஓடாம இருக்க ரெண்டு இன்டர்டிக்டர் கப்பல். பொய்யா ஒரு ஈர்ப்பு விசையை உண்டாக்கி, பக்கத்துல எந்தக் கப்பலும் ஒளிவேகத்துக்குத் தாவ முடியாம புடிச்சு வெக்கிற கப்பல் அது. மொத்தத் திட்டத்துக்கும் ஆணிவேரே அந்த ரெண்டு கப்பல்தான்.

அதுல ஒண்ணை யார் கையில குடுக்கறாரு? கான்ஸ்டன்டைன் கையில.

"இடத்தை விட்டு அசையாதே"ங்கிறது உத்தரவு. கான்ஸ்டன்டைனுக்குத் தாங்கல. எல்லாப் பெருமையும் த்ரானுக்கே போகுது, நமக்கும் ஒரு வெற்றி வேணும்னு வரிசையை விட்டு வெளிய வர்றாரு. எதிர்ல கமாண்டர் ஸாட்டோ, தன்னோட கப்பலையே கொண்டுபோய் மோதறாரு. ரெண்டும் காலி. அந்த ஓட்டை வழியா எஸ்ரா தப்பிச்சு உதவி கேக்கப் போயிடறான். ஸாட்டோ மோதுன கப்பலே பேரரசுகிட்ட இருந்து ரைலாத்ல சுட்டதுங்கிறது தனி காமெடி.

இதுலதான் என் கேள்வி. ஹீராவோட குடும்பச் சொத்தா வந்த ஒரு சின்ன கலைப்பொருளைக் கையில எடுத்துப் பாத்தே அவ யாரு, எவ்வளவு தூரம் போவான்னு புரிஞ்சுக்கிட்டவரு, ஒரு சீசன் பூரா பக்கத்துலயே மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு நின்ன ஆளைப் படிக்கத் தெரியாதா? கான்ஸ்டன்டைனைப் படிக்க ஓவியம் எதுவும் வேணாம்ங்க. அந்த மூஞ்சியே போதும். நடுவுல "அயர்ன் ஸ்குவாட்ரன்" கதையில ஒரு சின்ன கிளர்ச்சிக் கூட்டத்தை அடக்க அவரை அனுப்பி வெக்கறாரு. அட்மிரலுக்குக் குடுக்கிற வேலையா இதுன்னு அவரு பொருமுறது நமக்கே தெரியுது. அப்படி மனசுக்குள்ள புகைஞ்சுக்கிட்டு இருக்கிற ஆளைக் கொண்டுபோய், அசையாம நிக்கிறது ஒண்ணுதான் வேலைங்கிற இடத்துல நிறுத்தினா அவரு அசையத்தான் செய்வாரு. இதைக் கணிக்க மேதை வேணாம், நம்ம டீம்ல டெஸ்டிங் பண்ற பையன் போதும்.

"அவரு பதவிக்கு ஏத்த கப்பல்தானே குடுக்கணும்"னு நண்பர் மடக்குனாரு. சார், த்ரான் கிராண்ட் அட்மிரல். ஏழாவது படை அவரோடது. கான்ஸ்டன்டைனைத் தன் கப்பல்லயே, தன் பக்கத்துலயே நிறுத்தி வெச்சிருக்கலாம். யார் தடுத்தா?

நாவலைப் படிச்சவங்களுக்கு இன்னும் வலிக்கும். ஸான் எழுதுனப்போ த்ரான் பக்கத்துல கேப்டன் பெல்லியன் இருப்பாரு. பெல்லியன் முட்டாள் இல்லை. அனுபவசாலி, நல்ல கேள்வி கேப்பாரு, அவரு கேக்கக் கேக்க த்ரானோட புத்தி நமக்குத் தெரியும். கப்பலைத் தப்ப விட்டுட்டுப் பழியை மேலதிகாரி மேல போட்ட ஒருத்தனுக்கு அங்க மரண தண்டனை. அதே தொடர்ல பின்னாடி இன்னொருத்தன் அதே சூழ்நிலையில தோக்கறான், ஆனா சொந்தமா ஏதோ புதுசா முயற்சி பண்ணித் தோக்கறான். அவனுக்குப் பதவி உயர்வு! தப்புக்கும் தட்டிக்கழிக்கிறதுக்கும் வித்தியாசம் தெரிஞ்ச தலைவன் அவன். கூட இருக்கிறவனை ஒரு படி மேல ஏத்துறவன். 2017ல ஸான் புதுசா எழுதுன நாவல்லயும் ஈலை வாண்டோன்னு ஒரு இளைஞனைக் கூடவே வெச்சு வளர்ப்பாரு. தொடர்ல வர்ற த்ரான் யாரை வளர்த்தாரு? விரல் விட்டு எண்ணுங்க பாப்போம். விரலே தேவைப்படாது.

உண்மையில இது த்ரானோட தப்பு கூட இல்லை, எழுதுனவங்களோட சோம்பேறித்தனம். ஒருத்தனைப் புத்திசாலின்னு காட்ட ரெண்டு வழி. ஒண்ணு, அவனைப் புத்திசாலியா எழுதணும். கஷ்டம். இன்னொண்ணு, சுத்தி இருக்கிறவனை எல்லாம் மக்கு ஆக்கிடலாம். க்ரீவஸுக்கும் இதான் நடந்துச்சு. 2003ல வந்த குறுங்கார்ட்டூன்ல ஒத்தை ஆளா ஒரு ஜெடாய் கூட்டத்தையே நடுங்க வெச்ச ஆளு, 2008 தொடர்ல வாரா வாரம் இருமிக்கிட்டே ஓடிப்போற காமெடியன் ஆயிட்டாரு.

இதுல இன்னொருத்தருக்கும் அநியாயம். ஸாட்டோ. ரெண்டு சீசனா பொறுமையா, சத்தமில்லாம வேலை பாத்த மனுஷன். அவரோட கடைசி நிமிஷம் பெரிய தியாகமா நிக்க வேண்டியது. எதிர்ல திறமையான ஒருத்தன் எல்லாத்தையும் சரியாச் செஞ்சும் ஸாட்டோ உயிரைக் குடுத்து உடைச்சாருன்னு இருந்திருந்தா எப்படி இருந்திருக்கும்? இப்ப பாத்தா எதிராளி தானா வந்து மாட்டுன மாதிரி இருக்கு.

"கிளர்ச்சிக்காரங்க தப்பிக்கணுமே, வேற வழி?"ன்னா, வழி அந்தக் கதையிலேயே இருக்கு. மாண்டலோர் வீரர்கள் வந்து ரெண்டாவது இன்டர்டிக்டரை உடைக்கறாங்க. அது நியாயமான சண்டை. பெண்டு புயலா மாறி ரெண்டு பக்கத்தையும் அடிக்குது. எந்தப் பக்கமும் சேராத, எந்த ஓவியத்துலயும் சிக்காத ஒண்ணு. த்ரான் தோக்கணும்னா அதுகிட்டதான் தோக்கணும். அதை எத்தனை தடவை வேணா பாக்கலாம்.

ஒரு சொந்தக் கதை, சுருக்கமா. முன்னாடி வேலை பாத்த இடத்துல (பேர் வேணாம்) ஒரு பெரிய தலை இருந்தாரு. நிஜமாவே கில்லாடி. அவரு போட்ட டிசைன்ல, ராத்திரி ரெண்டு மணிக்குத் தொடவே கூடாத ஒரு ஸ்விட்சை, அதைப் பத்தி யாருமே சொல்லாத ஒரு பையன்கிட்ட விட்டாங்க. பையன் தொட்டான். மறுநாள் மீட்டிங்ல எல்லாரும் பையனைப் பாத்தாங்க, டிசைனை யாரும் பாக்கல. அந்தப் பையன் யாருன்னு பின்னூட்டத்துல கேக்காதீங்க :-)

2023ல "அசோகா" தொடர்ல த்ரான் திரும்ப வந்தப்போ பக்கத்துல யாரு நிக்கறான்னுதான் முதல்ல பாத்தேன். கேப்டன் ஈனாக். தங்க முகமூடி, அதைக் கழட்டவே இல்லை. சொன்னதைச் செய்யறாரு, எதிர்த்துக் கேக்கல, அசையல. கான்ஸ்டன்டைனும் இல்லை, பெல்லியனும் இல்லை.

டிஸ்கி: நண்பர் இன்னும் ஒத்துக்கல. அடுத்த சனிக்கிழமை அவரு வீட்லயே "ஸீரோ அவர்" ரெண்டு பாகமும் திரும்பப் போடறதா முடிவு. பஜ்ஜி அவரு செலவு.