மனைவண்டியும் பாலைக் கரைவழியும்

வழிச் செல்வோனுக்கு வழி சொல்லுதல் தமிழிலே ஓர் அறமாக மாத்திரமன்றி ஓர் இலக்கிய வகையாகவும் வளர்ந்தது. பத்துப்பாட்டினுள் ஐந்து பாட்டுக்கள் ஆற்றுப்படைகளாதலை மாணாக்கர் அறிவர். திருமுருகாற்றுப்படை ஒழிந்த நான்கினும், பரிசில் பெற்று மீள்வான் ஒருவன் எதிர்ப்படுவானை நோக்கி, இன்ன வழியிற் செல்க, இன்ன இடத்தில் இன்ன உணவு கிடைக்கும், இன்ன மக்கள் இன்ன இயல்பினர் என்று கூறுகின்றான். கேட்போன் தோளிலே இசைக்கருவியையன்றி வேறு பெருஞ் சுமையில்லை. மற்றவையெல்லாம் வழியிலே பெறப்படும் என்பது அவ்விலக்கியத்தின் உட்கிடை.

இக்காலத்துப் பயணத் திட்டங்களோ பெரும்பாலும் சுமையிலே தொடங்கிச் சுமையிலேயே முடிகின்றன. என்பாற் பயின்று இப்பொழுது ஐக்கிய அமெரிக்காவிலே வாழும் மாணாக்கர் ஒருவர் அத்தகைய திட்டமொன்றை எனக்கு அனுப்பி, என் கருத்தை வினவியிருந்தார். அமெரிக்கர் மோட்டார்ஹோம் என வழங்குவதும் நாம் மனைவண்டி என்று சொல்லத்தக்கதுமாகிய, நாற்பதடி நீளமுள்ள வாகனமொன்றிலே, மெக்சிக்கோ நாட்டின் பாஜா கலிபோர்ணியாக் குடாநாட்டை வடமுனையிலிருந்து தென்முனைவரை கடந்து வருதல் அவர் நோக்கம். திட்டம் நான்கு பக்கம். மூன்று பக்கம் வண்டியைப் பற்றியது: படுக்கையறை, சமையற்கூடம், குளிரூட்டி, நீர்க்கலம், மின்பிறப்பாக்கி. எஞ்சிய ஒரு பக்கமே வழியைப் பற்றியது. இந்த விகிதம் தலைகீழாதல் வேண்டும் என்பதே என் கருத்து. வண்டியைத் தெரிந்து கொண்டு வழியை அதற்கு இசைவித்தல் முறையன்று. வழியை அறிந்து வண்டியை அதற்கு இசைவித்தலே முறை. ஏன் என்பதை விரித்துரைப்பேன்.

முதற்கண் நிலத்தை நோக்குவோம். பாஜா என்பது கீழ் எனப் பொருள்படும் ஸ்பானியச் சொல். கலிபோர்ணியா என்ற பெயரோ 16 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே மொந்தால்வோ என்பார் இயற்றிய வீரக் கதையொன்றிலிருந்து வந்தது. கலாபியா என்னும் அரசி ஆண்ட கற்பனைத் தீவின் பெயர் அது. கதையைப் படித்திருந்த மாலுமிகள் கண்ட கரைக்கு அப்பெயரையே இட்டனர். கதைத் தீவின் பெயரை இட்டமையாலோ என்னவோ, 17 ஆம் நூற்றாண்டு வரைபடங்கள் பலவற்றிலே அந்நிலமும் தீவாகவே வரையப்பட்டது. இயேசு சபையைச் சார்ந்த கீனோ பாதிரியார் 1701, 1702 ஆம் ஆண்டுகளில் நேரிற் சென்று, அது நிலத்தோடு தொடர்ந்த குடாநாடே எனத் தெளிந்தார். அதன் பின்னரும் அவ்வையம் முற்றும் நீங்காமையால், அது தீவன்று என்று 1747 இல் ஸ்பானிய மன்னர் ஆணை பிறப்பிக்க வேண்டியிருந்தது! வரைபடத்தை மாத்திரம் நம்பித் திட்டம் வகுப்பார்க்கு இதனினும் சிறந்த எச்சரிக்கை வேண்டுமோ?

பாலை தனக்கென நிலம் அற்றது என்பதும், முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்தவழித் தோன்றுவது என்பதும் நம்மவர் கொள்கை. பாஜாவிலோ நெய்தலும் பாலையும் ஒன்றன்மேல் ஒன்றாய்க் கிடக்கின்றன. மேற்கே பசிபிக் பெருங்கடல். கிழக்கே கோட்டெசு கடல் எனப்படும் கலிபோர்ணிய வளைகுடா. இடையிலே வெந்து கிடக்கும் நிலம். மேற்குக் கரையை ஒட்டிச் செல்லும் குளிர்ந்த கடல் நீரோட்டமும், அங்கே கீழிறங்கி வரும் வறண்ட காற்றும் மழையைத் தடுப்பதனால், குடாநாட்டின் நடுப்பகுதியிற் பல இடங்களில் ஆண்டு மழை 100 மில்லிமீற்றருக்கும் குறைவு. கடல் கண்ணெதிரே அலை வீச, நாவுக்கு நீரின்றி வாடும் நிலம் அது. எனினும் அங்கே உயிர் உண்டு. தலைகீழாக நட்ட கிழங்கு போல நெடுக வளரும் சிரியோ மரமும், பனையளவு உயரும் கார்தோன் கள்ளியும் அங்கே காடாக நிற்கின்றன. அவை நீரை எண்ணி எண்ணிச் செலவிட்டு வாழ்வன.

இனி வழியை நோக்குவோம். திகுவானாவிலிருந்து கபோ சான் லூக்காசு வரை செல்லும் முதலாம் இலக்க நெடுஞ்சாலையின் நீளம் 1,711 கிலோமீற்றர். அது முழுமையுற்றது 1973 இல். அதற்கு முன்னர்க் குடாநாட்டின் நடுப்பகுதி கல்லும் மணலுமாகிய தடமே. வடக்கே பசிபிக் கரையை ஒட்டி எல் ரொசாரியோ வரை செல்லும் சாலை, அங்கே கடலை நீங்கிப் பாலையினுட் புகுந்து, 28 ஆம் அகலக்கோட்டிலுள்ள கெரெரோ நேக்ரோவில் மீண்டும் கடலை அணுகும். பின்னர் சான் இக்னாசியோவின் ஈச்சஞ் சோலையைக் கடந்து, நரகச் சரிவு எனப் பொருள்படும் பெயருடைய இறக்கத்தினூடாகச் சாந்தா ரொசாலியாவில் வளைகுடாக் கரையை அடையும். அப்பால் முலெகே, கொன்செப்சியோன் குடா, லொரேற்றோ என அழகிய கரைகள் தொடரும்.

இச்சாலையின் சில பகுதிகள் அண்மைக் காலத்தில் அகலப்படுத்தப்பட்டன. ஆயினும் இன்னும் பல பகுதிகளில் அதன் முழு அகலமும் ஏறத்தாழ 20 அடிக்குள் அடங்கும். பெரிய மனைவண்டியின் அகலம் எட்டரை அடி. எதிரே வரும் சரக்கு லொறியின் அகலமும் எட்டரை அடியே. இரண்டும் சேரப் பதினேழடி. எஞ்சுவது மூன்றடி. அந்த மூன்றடியிலே, நடுவில் எதிரெதிர் நீட்டி நிற்கும் பக்கக் கண்ணாடிகளும், காற்றின் தள்ளுகையும், சாரதியின் கைத்தளர்ச்சியும் அடங்குதல் வேண்டும். சாலையின் இருமருங்கும் ஒதுங்க இடமின்றி விளிம்போடு கீழே சரியும் இடங்கள் பல. இது கீழ் வகுப்பு மாணாக்கனும் செய்யத்தக்க கணக்கு. மூன்று பக்கத் திட்டத்தில் இந்தக் கணக்கு இல்லாமற் போனதே எனக்கு வியப்பு. எதிரே வரும் லொறியிலிருப்பவன் உல்லாசப் பயணியல்லன். பிழைப்பின் பொருட்டு அவ்வழியே நாள்தோறும் செல்பவன். நம் வீட்டின் அகலத்துக்கு அவன் ஈடு கொடுக்க வேண்டும் என்பது நீதியாகுமா?

வழியின் மொழியையும் அறிதல் வேண்டும். முன் செல்லும் லொறி தன் இடப்பக்க விளக்கை விட்டு விட்டு ஒளிரச் செய்தால், அந்நாட்டிலே அதற்கு இரு பொருள் உண்டு. 'யான் இடப்புறம் திரும்புகின்றேன்' என்பது ஒன்று. 'முன்னே தடையில்லை, என்னைக் கடந்து செல்க' என்பது மற்றொன்று. சொற்சிலேடையை நாம் சுவைத்து மகிழ்கின்றோம். விளக்குச் சிலேடையைப் பிறழ உணர்ந்தவன் உயிரையே இழப்பான். வாடோ என்று எழுதியிருப்பின் மழைநீர் சாலையைக் குறுக்கறுத்து ஓடும் தாழ்விடம் என்றும், தோப்பே என்று எழுதியிருப்பின் வேகத்தை அடக்கும் மேடு என்றும் அறிக. ஐக்கிய அமெரிக்காவிற் பெற்ற வாகனக் காப்புறுதி மெக்சிக்கோவிற் செல்லாது. அந்நாட்டுச் சட்டம் ஏற்கும் காப்புறுதி தனியே பெறல் வேண்டும். மாடுகள் கட்டின்றித் திரிந்து சாலையிலே கிடக்குமாதலின் இரவிற் செலுத்துதல் அறவே ஆகாது. எல் ரொசாரியோவுக்குத் தெற்கே ஏறத்தாழ 300 கிலோமீற்றருக்கு எரிபொருள் நிலையம் உண்டென நம்பிச் செல்லலாகாது. இவ்வொன்றில் மாத்திரம் பெரிய வண்டிக்கு ஒரு நலன் உண்டு: அதன் எரிபொருட் கலமும் பெரிது.

ஆனால் எரிபொருளினும் பெரிய கேள்வி நீர். பெரிய மனைவண்டியின் நன்னீர்க் கலம் ஏறத்தாழ 400 லீற்றர் கொள்ளும். வீட்டிற் குளிப்பது போலக் குளித்து, வீட்டிற் கழுவுவது போலக் கழுவினால் அது சில நாளில் வற்றிவிடும். பின்னர் நிரப்புவது எங்கே? பவுசரிற் கொண்டுவரும் நீரை நம்பி வாழும் மீனவர் குடியிருப்புக்கள் அக்கரையிலே உண்டு. கிணற்றை நம்பி வாழும் யாழ்ப்பாணக் குடாநாட்டார்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. நிரப்பிய நீர் கழிவாகி வெளிப்படுதலும் உண்டன்றோ? கழிவுக் கலத்தை முறையாக வெறுமையாக்கும் இடங்கள் அங்கே அரியன. அவற்றை முன்னரே குறித்துக் கொள்ளாதவன், இறுதியிலே கடற்கரை மணலையே அதற்கு இடமாக்குவான்.

'வீட்டோடு பாலையைக் கடத்தல் புதிதா? நம் உமணர் செய்ததன்றோ?' என ஒருவர் வினவலாம். நல்ல வினா. உப்பு வணிகர் வண்டிகளைப் பெரும்பாணாற்றுப்படை நுணுக்கமாகக் காட்டுகின்றது: கோழியும் அடையும் கூடு, தொங்கும் காடிக் கலம், குழந்தையோடு வண்டி செலுத்தும் மனைவி. அது மெய்யாகவே மனைவண்டிதான். வழியில் அச்சு முறியுமென்று அஞ்சி, மற்றோர் அச்சை வண்டியின் கீழ்க் கட்டிச் செல்லும் அவர்தம் முன்னேற்பாட்டைப் புறநானூறு கூறுகின்றது. ஆயின் வேறுபாட்டைக் காண்க. உமணர் வண்டி வழியின் அளவுக்குச் செய்யப்பட்டது. அது கடற்கரையின் உப்பை உள்நாட்டார்க்குக் கொடுத்து நெல்லைப் பெற்றது. கொடுத்தும் கொண்டும் சென்றமையால் அவ்வண்டியின் வருகையை ஊர் எதிர்பார்த்தது. இன்றைய மனைவண்டியோ உணவைத் தன் ஊரிலேயே நிரப்பிக் கொண்டு, வழியிலுள்ளாரிடம் நீரை மாத்திரம் கொண்டு, கழிவை மாத்திரம் கொடுத்துச் செல்லுமாயின், அதன் வருகையை எவர் எதிர்பார்ப்பர்?

மற்றொரு மறுப்பும் உண்டு, அது இரங்கத்தக்கது. முதியோரும் நோயுற்றோரும் படுக்கையும் கழிப்பறையும் அருகிலிருந்தாலன்றிப் பயணஞ் செய்யார். உழைத்து ஓய்ந்தவர்கள் உலகைக் காணல் வேண்டாமோ? வேண்டும். பெரிய வண்டிகள் குளிர்காலத்திலே ஒன்றற்கொன்று துணையாக வரிசையாய்ச் சென்று மீளுதலும் உண்மையே. அவர்களைப் போகற்க என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆயின் படுக்கைக்கும் கழிப்பறைக்கும் நாற்பதடி வேண்டுவதில்லை. இருபதடி வண்டியிலும் அவை அமையும். ஜோன் ஸ்ரைன்பெக் 1960 இல் தம் நாட்டைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்டபோது, சிறிய லொறியொன்றின்மேல் ஓர் அறையை ஏற்றி, அதற்கு டொன் குவிக்சோட்டின் குதிரைப் பெயரையே இட்டார். அந்நாள் அவர் ஐம்பத்தெட்டு வயதினர்; உடல்நலமும் குன்றியவர். 1940 இல் இதே கோட்டெசு கடலின் கரைகளை அவர் ஆராய்ந்ததும் மீன்பிடிப் படகொன்றிலேதான். கலம் சிறிதாயினும் அவர் கண்ட காட்சி சிறிதாகவில்லை.

இப்பயணத்தின் பெரும் பேறு எது என நோக்கினும் இவ்வுண்மையே துலங்கும். மார்கழி முதல் பங்குனி வரை, ஆர்ட்டிக் கடலிலிருந்து சாம்பல்நிறத் திமிங்கிலங்கள் ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் நீந்தி, ஓகோ டி லியெப்ரே, சான் இக்னாசியோ முதலிய கடல் ஏரிகளுக்குக் கன்று ஈன வருகின்றன. 1857 ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் ஸ்காமன் என்னும் அமெரிக்கக் கப்பற்றலைவர் ஓகோ டி லியெப்ரேயினுட் புகுந்து அவற்றை வேட்டையாடினார். 1972 இல், சான் இக்னாசியோவில் பச்சிக்கோ மயோரால் என்னும் மீனவர், தம் சிறு படகை நெருங்கி வந்த திமிங்கிலத்தை அஞ்சியஞ்சிக் கைநீட்டித் தொட்டார். அவ்வேரிகள் 1993 இல் உலக மரபுரிமையாயின. சான் இக்னாசியோவிற் பெரிய உப்பளம் அமைக்கும் திட்டமும் 2000 ஆம் ஆண்டில் மெக்சிக்கோ அரசாற் கைவிடப்பட்டது. இன்று அத்திமிங்கிலத்தைக் காண விரும்புவோன் அவ்வூர் மீனவரின் படகில், அவர் வழிகாட்டலிலே செல்லல் வேண்டும். நாற்பதடி வீட்டைக் கரையிலே விட்டுத்தான் நாற்பதடி விலங்கைக் காண முடியும்.

ஆகவே என் முடிபு இதுவாகும். சிறிய வண்டி கொள்க. பெரியதே ஏற்கெனவே கைவசம் உளதாயின், அதனை எல்லைக்கு இப்பாலோ வடபகுதி ஊர்களிலோ பாதுகாப்பாக நிறுத்தி, அப்பாற் சிறு வாகனத்திற் செல்க. ஆவணி முதல் ஐப்பசி வரை புயற்காலமாதலின் தை மாசியைத் தெரிந்து கொள்க. நாளொன்றுக்கு 300 கிலோமீற்றருக்கு மேல் வகுக்காது, பொழுது சாயுமுன் தங்குக. உணவை அவ்வூர்ச் சந்தையிலே வாங்குக. உறைவிடத்துக்கும் படகுக்கும் கூலி கொடுக்கத் தயங்கற்க. நீரை அளந்து செலவிடுக. ஸ்பானிய மொழியிலே வணக்கம், நன்றி, தண்ணீர் ஆகிய மூன்றுக்குமாவது சொற்களைக் கற்றுச் செல்க.

ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆற்றுப்படையைப் பரீட்சைக்குரிய பழம் பொருளாக மாத்திரம் கற்பியாமல், மாணாக்கர் ஒவ்வொருவரையும் தாம் சென்று மீண்ட வழியொன்றைப் பற்றிப் பின் வருவானுக்கு உரைக்குமாறு எழுதச் செய்தல் நன்று. எங்கே நீர் உண்டு, எங்கே ஏதம் உண்டு, எவர் உதவினர், அவர்க்கு நாம் யாது கொடுத்தோம் என்னும் நான்கு வினாவுக்கும் விடை எழுதப் பழகிய பிள்ளை, பாலையாயினும் பட்டினமாயினும், பிறர்க்குச் சுமையாகாது சென்று வரக் கற்றவனாவான்.