காணாமற் போனதும் கைக்கு வருவதும்



கூரத்திலுள்ள நெசவாளர் ஒருவரை மனத்தில் எண்ணிக்கொள்ளுங்கள். பல நாள் தறியில் அமர்ந்து நெய்து முடித்த பட்டுப்புடவையைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு, காஞ்சிபுரம் செல்லும் பேருந்தில் ஏறுகிறார். இறங்கும் அவசரத்தில் பை இருக்கையிலேயே தங்கிவிடுகிறது. அந்தப் பையில் இருப்பது வெறும் புடவையன்று. அவர் வீட்டின் அடுத்த மாத அரிசியும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் அதில்தான் இருக்கின்றன. அந்தப் பை அவரிடம் திரும்பி வருமா? இக்கேள்விக்கான விடை மூவர் கையில் இருக்கிறது. கண்டெடுத்தவர் ஒருவர், காவல் துறையும் நீதிமன்றமும் இரண்டாமவர், தொலைத்தவரே மூன்றாமவர். இம்மாதம் இம்மூவரின் கடமையையும் பார்ப்போம்.

முதலில் கண்டெடுத்தவர். "கீழே கிடந்தது, எடுத்துக்கொண்டேன்" என்று சொல்வோர் நம்மிடையே உண்டு. மார்க்கச் சட்டம் இதனை ஏற்பதில்லை. கண்டெடுத்த பொருளுக்கு 'லுகதா' என்று பெயரிட்டுத் தனி விதிகளே வகுக்கப்பட்டுள்ளன. அப்பொருள் இருந்த பையையும் அதைக் கட்டியிருந்த கயிற்றையும் நன்கு அடையாளம் கண்டுகொண்டு, ஓராண்டு காலம் மக்களிடையே அறிவிக்க வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். உரியவர் வந்து அடையாளம் கூறினால் ஒப்படைத்துவிட வேண்டும். பையும் கயிறும் என்ற அச்சிறு குறிப்பைச் சற்றே சிந்தியுங்கள். பொருளின் உரிமை அதன் அடையாளத்தால் நிலைநாட்டப்படுகிறது என்னும் நீதி அதில் அடங்கியிருக்கிறது.

நாட்டின் சட்டமும் இதே வழியில்தான் செல்கிறது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, பிறர் பொருளைக் கண்டெடுத்துத் தன் பொறுப்பில் வைத்துக்கொள்பவர், அடைக்கலமாகப் பெற்றவரைப் போன்றே அதைப் பாதுகாக்கக் கடமைப்பட்டவர். உரியவர் யாரென்று தெரிந்தும், அல்லது தெரிந்துகொள்ள வழியிருந்தும், தகுந்த முயற்சி எடுக்காமல் அதைத் தனதாக்கிக்கொள்வது குற்றம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 314ஆம் பிரிவு இதற்கு ஆறு மாதத்திற்குக் குறையாத, இரண்டாண்டு வரை நீளக்கூடிய சிறைத் தண்டனையும் அபராதமும் விதிக்கிறது.

ஆகவே பேருந்தில் கண்டெடுத்ததை நடத்துநரிடமோ பணிமனையிலோ, தெருவில் கண்டெடுத்ததைக் காவல் நிலையத்திலோ ஒப்படைத்து, ஒப்படைத்ததற்கு எழுத்து மூலம் ஒப்புதல் பெறுங்கள். அந்தத் தாள் உங்கள் நேர்மைக்குச் சாட்சி. ஜப்பானில் இது மக்களின் பழக்கமாகவே ஆகிவிட்டது. டோக்கியோ மாநகரக் காவல் துறையிடம் 2023ஆம் ஆண்டில் மட்டும் 40 லட்சத்திற்கும் அதிகமான பொருள்கள் வந்து சேர்ந்தன. மூன்று மாதத்திற்குள் உரியவர் வராவிட்டால், சில வகைப் பொருள்கள் நீங்கலாக, கண்டெடுத்தவர் அதைப் பெறலாம். உரியவர் வந்தால் வெகுமதி தருவதற்கும் சட்டம் உண்டு. நேர்மையை எளிதாக்குவதற்கு அங்கே ஓர் ஏற்பாடு இருக்கிறது.

இனித் தொலைத்தவரின் கடமை. பொருள் போய்விட்டதே என்று புலம்பிக்கொண்டு வீட்டில் அமர்ந்துவிடுவது முதல் தவறு. பேருந்தில் விட்டீர்களாயின் பயணச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். எந்தப் பேருந்து என்று கண்டறிய அது உதவும். பிறகு காவல் நிலையத்தில் எழுத்து மூலம் புகார் கொடுத்து, நாம் 'சி.எஸ்.ஆர்.' என்று அழைக்கும் ரசீதைக் கேட்டு வாங்குங்கள். ஓட்டுநர் உரிமம், பள்ளிச் சான்றிதழ், கடவுச்சீட்டு போன்ற ஆவணங்கள் தொலைந்தால், தமிழகக் காவல் துறையின் இணைய சேவை வழியாகவே பதிவு செய்யவும் வசதி இருக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. திருடப்பட்ட பொருளைத் 'தொலைந்துவிட்டது' என்று எழுதிக் கொடுக்காதீர்கள். அவ்வாறு எழுதினால் வேலை விரைவில் முடியும் என்று யாரேனும் யோசனை கூறக்கூடும். தொலைந்தது என்றால் குற்றம் இல்லை. குற்றம் இல்லையெனில் புலன்விசாரணையும் இல்லை. திருட்டு என்றால் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்யப்பட வேண்டும். அதன் நகலைப் புகார் கொடுத்தவர் கட்டணமின்றிப் பெறலாம். நிலையத்தில் பதிய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்து மூலம் அனுப்பலாம்.

அடுத்து, மீட்கப்பட்ட பொருளுக்கு என்ன நேர்கிறது? காவலர் கைப்பற்றிய பொருள் குறித்து நீதித்துறை நடுவருக்குத் தெரிவிக்க வேண்டும். உரியவர் இன்னாரென்று தெரியாவிடில், ஆறு மாதத்திற்குள் வந்து உரிமை கோருமாறு நடுவர் அறிவிப்பு வெளியிடுவார். அதற்குள் எவரும் உரிமையை நிலைநாட்டாவிட்டால் பொருள் அரசின் வசம் போகக்கூடும். நம் மக்கள் பலர் அறியாத செய்தி இது.

கள்வனைப் பிடித்த பின்னும் நகை கைக்கு வரவில்லையே என்று வருந்தும் குடும்பங்கள் உண்டு. வழக்கு முடியும்வரை காத்திருக்கத்தான் வேண்டும் என்பது தவறான எண்ணம். குஜராத்தில், காவல் நிலையத்திலிருந்த வழக்குச் சொத்துக்களைக் காவலர்களே மாற்றி வைத்ததாகவும் கையாடியதாகவும் எழுந்த வழக்கொன்றில், 2002ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தெளிவான வழி காட்டியது. பொருளின் விவரத்தை எழுதி, புகைப்படம் எடுத்து, உரியவரிடம் உறுதிப்பத்திரம் பெற்றுக்கொண்டு விரைவில் ஒப்படைக்கலாம். வாகனங்களை நிலைய வாசலில் நெடுங்காலம் நிறுத்தி வைப்பதால் பயனில்லை என்று அது கூறியது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 497ஆம் பிரிவு இதற்குக் காலவரையறையே வகுத்திருக்கிறது. பொருள் நீதிமன்றத்தில் வைக்கப்பட்ட 14 நாளுக்குள் அதன் விவரப் பட்டியல் தயாராக வேண்டும்; புகைப்படமும் எடுக்கப்பட வேண்டும்; அதன்பின் 30 நாளுக்குள் அப்பொருளை என்ன செய்வதென்று உத்தரவிட வேண்டும். ஆகவே வழக்கறிஞர் மூலமோ சட்ட உதவி மையம் மூலமோ மனுச் செய்யத் தயங்காதீர்கள்.

ஆனால், அம்மனுவில் "இது என்னுடையது" என்று எழுதினால் போதாது. "எப்படிச் சொல்கிறீர்?" என்ற வினா உடனே எழும். காஞ்சியில் அரக்கு நிறத்தில் பச்சைக் கரை வைத்த புடவைகள் எத்தனையோ உண்டு. கோர்வை வேலை, முந்தானையின் அமைப்பு, சங்கத்தில் பட்டும் சரிகையும் பெற்றபோது எழுதிய கணக்கு ஆகியவைதாம் அந்த நெசவாளருக்காகப் பேசும். நகைக்கு அதன் ரசீதும், இப்போது ஹால்மார்க் நகைகளில் பொறிக்கப்படும் ஆறு எழுத்து அடையாள எண்ணும் பேசும். கைப்பேசிக்கு அதன் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் பேசும். அந்த எண் இருந்தால், 2023 முதல் நாடெங்கும் செயற்படும் மத்திய அரசின் பதிவேட்டின் வழியே, காவல் புகாரின் நகலை இணைத்து, தொலைந்த கைப்பேசியை முடக்கலாம், தேடியும் கண்டறியலாம்.

அடையாளத்தின் வலிமைக்கு நம் மாநிலத்திலேயே பெரிய சான்று உண்டு. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலில் களவுபோன நடராசர் சிலையை, 2008இல் ஆஸ்திரேலியாவின் தேசிய கலைக்கூடம் சுமார் 50 லட்சம் டாலருக்கு வாங்கியது. அது அந்தக் கோயிலின் சிலையே என்பதை நிலைநாட்ட உதவியவை, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் முன்னரே எடுத்து வைத்திருந்த புகைப்படங்கள். 2014 செப்டம்பரில் அச்சிலை இந்தியாவிடம் திருப்பி ஒப்படைக்கப்பட்டது. என்றோ ஒருவர் எடுத்து வைத்த படம், கடல் கடந்து போன பொருளையும் மீட்டுக் கொடுத்தது.

கூரத்திற்கே திரும்புவோம். ஏழாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் அளித்த கொடை, யார் யாருக்கு எப்பங்கு என்ற விவரத்துடன் செப்பேட்டில் பொறிக்கப்பட்டது. கூரம் செப்பேடு என்று அறிஞர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள். எழுதி வைத்ததால் நின்றது. நமக்குச் செம்பு வேண்டாம். ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் போதும். வீட்டிலுள்ள நகை, வாகனம், கைப்பேசி, பத்திரங்கள் ஆகியவற்றின் எண்ணையும் அடையாளத்தையும் இன்றிரவே அதில் எழுதி வையுங்கள். வீட்டுப் பெண்களுக்கும் அது இருக்குமிடத்தைச் சொல்லி வையுங்கள்.

பிறர் பொருள் நம் கைக்கு வந்தால் அது அமானிதம். நம் பொருளும் இறைவன் நம்மிடம் தந்த அமானிதமே. அதைக் கவனமாகக் காப்பதும், காணாமற் போனால் முறைப்படி தேடுவதும் நம் கடமை.