ஒரு ரூபாய் நாலணா அபராதம்

1888-ஆம் ஆண்டு பம்பாயில் மோத் வணிகர்களின் சாதிக் கூட்டம் கூடியது. பாரிஸ்டர் படிக்கக் கடல் கடந்து போயே தீருவேன் என்று நின்ற பதினெட்டு வயதுப் பையனைச் சாதியை விட்டுத் தள்ளி வைத்தார்கள். பையனின் பெயர் மோகன்தாஸ் காந்தி. அவனுக்கு அபராதம் எதுவும் இல்லை. அவனுக்கு உதவி செய்கிறவர்களுக்கும், துறைமுகம் வரை போய் வழியனுப்புகிறவர்களுக்கும்தான் அபராதம், ஒரு ரூபாய் நாலணா. பயணப் பணத்தைக் கையில் வைத்திருந்த மைத்துனரே அதைக் கொடுக்கப் பயந்தார். குடும்ப நண்பர் ஒருவரிடம் கடன் வாங்கித்தான் காந்தி கப்பலேறினார். படித்துத் திரும்பிய பிறகும் சாதியின் ஒரு பிரிவு அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. சொந்தச் சகோதரி வீட்டில் அவர் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. யாருக்கும் தெரியாமல் உபசரிக்க அவர்கள் தயாராக இருந்தார்கள். ஒளித்துச் செய்வது அவருக்குப் பிடிக்கவில்லை.

ஒருவரைத் தள்ளி வைக்கும் வித்தை முழுவதும் அந்த ஒரு ரூபாய் நாலணாவில் இருக்கிறது. விலக்கப்பட்டவனை விட்டுவிட்டு, அவனோடு பேசுகிறவனைப் பிடிப்பது.

சென்னையை அடுத்த முத்தாபுதுப்பேட்டையில் இதைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று கேட்கலாம். விமானப்படை நிலையம் இருக்கும் ஊர். பக்கத்து ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை. மலையாளி, பீகாரி, ஒடியா, நம் தென் மாவட்டத்துக்காரர் என்று வேலைக்கு வந்தவர்கள், ஓய்வு பெற்றதும் இங்கேயே மனை வாங்கி வீடு கட்டிக்கொண்டார்கள். எந்தச் சாதிச் சங்கமும் எந்தக் கோயிலும் ஊர் முழுவதையும் கட்டி ஆள முடியாத இடம். ஆனால் இப்படிப்பட்ட புறநகர்களில்தான் இறுக்கமான கிறிஸ்தவச் சபைகள் நன்றாக வேர் பிடிக்கின்றன. சொந்தபந்தம் முந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்க, ஆஸ்பத்திரியில் இரவு துணைக்குப் படுக்க ஆள் இல்லாத குடும்பத்துக்கு, ஒரு சபை பிரதரையும் சிஸ்டரையும் கொடுக்கிறது. குடித்துக்கொண்டிருந்த கணவன் குடியை விட்டிருக்கிறான். இதைப் பார்க்காமல் 'மூளைச்சலவை' என்று ஒரே சொல்லில் ஒதுக்குகிறவர்கள் பேச்சை நான் காதில் வாங்குவதில்லை.

விலை பிற்பாடுதான் தெரியும். பொங்கலன்று எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. கிறிஸ்தவ, முஸ்லிம் வீடுகளுக்குக் கொடுப்பதைப் படையலுக்கு முன்பே தனியாக எடுத்து வைத்துவிடுவார்கள். "படைக்கிறதுக்கு முன்னாடியே எடுத்துட்டேம்மா, சாப்பிடு" என்று சொல்லிக் கொடுத்தால் அவர்களும் மனம் கோணாமல் வாங்கிக்கொள்வார்கள். யாரும் உட்கார்ந்து பேசி ஒப்பந்தம் போடவில்லை. தெருப் பெண்கள் தாங்களாகக் கண்டுபிடித்த ஏற்பாடு. அப்படி வாங்கிய ஒரு கிறிஸ்தவ வீட்டிலிருந்து ஒரு வருஷம், "தப்பா நினைக்காதீங்கக்கா, பாஸ்டர் அதுவும் வேண்டாம்னு சொல்லியிருக்கார்" என்று பதில் வரும். அந்தப் பெண்ணுக்குக் கோபம் இல்லை, குரல் இறங்கியிருக்கும். அவ்வளவுதான், தெருவில் ஒரு கதவு சாத்தியாயிற்று.

ஆனால் பெரும்பாலும் இப்படி வெளிப்படையாகத் தடை போட வேண்டிய அவசியமே இருக்காது. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம், சனிக்கிழமை வாலிபர் கூட்டம், ஞாயிறு ஆராதனை, நடுவில் ஒரு வீட்டுக்கூட்டம், மாதம் ஒரு முழு இரவு ஜெபம். வேலைக்கும் போய், இதற்கும் போனால், பள்ளிக்கூட நண்பனோடு டீக்கடையில் நிற்க எந்த நேரம் மிச்சம்? நட்பை யாரும் வெட்டுவதில்லை, தண்ணீர் இல்லாமல் அது தானே காய்ந்துவிடும். நாலு வருஷத்தில் சபைக்குப் போகிறவருடைய போனில் இருக்கும் பெயர்கள் எல்லாம் சபைப் பெயர்கள். அதன் பிறகு போதகரோடு ஒரு கருத்து வேறுபாடு வந்தால் 'பின்மாற்றக்காரர்', அதாவது விசுவாசத்தை விட்டு விலகினவர், என்ற பட்டம் கிடைக்கும். எதை நம்புவது என்பதை மாற்றிக்கொள்வது சுலபம். பழகும் அத்தனை பேரையும் ஒரே நாளில் இழப்பது சுலபமில்லை. அதனால் பலர் வாய் திறக்காமல் உள்ளேயே இருந்துவிடுகிறார்கள்.

யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் இதை ஒளிக்காமல், எழுதியே வைத்திருக்கிறார்கள். பிறந்தநாள், பண்டிகை எதுவும் கொண்டாட மாட்டார்கள். ஓட்டுப் போட மாட்டார்கள், படையில் சேர மாட்டார்கள். விமானப்படை நிலையத்துக்குப் பக்கத்தில் அப்படி ஒரு குடும்பம் வாழ்வதை நினைத்துப் பாருங்கள். அக்கம்பக்கத்தாரோடு மரியாதையாகப் பழகலாம். நெருங்கிய சிநேகிதம் மட்டும் 'சத்தியத்தில்' இருப்பவர்களோடுதான். மற்றவர்கள் 'உலக ஆட்கள்'. பெரிய தவறு செய்து திருந்தாதவரைச் சபைநீக்கம் செய்தால், சபையார் அவரோடு பேசக் கூடாது. 2024-இல் இந்த விதியைக் கொஞ்சம் தளர்த்தினார்கள்: அப்படிப்பட்டவர் கூட்டத்துக்கு வந்தால் சுருக்கமாக வரவேற்கலாம். ஒரு வணக்கம் சொல்வதற்கே உலகத் தலைமையகத்திலிருந்து அனுமதி வர வேண்டியிருக்கிறது.

இவர்களால்தான் நமக்கு ஒரு நல்ல தீர்ப்பு கிடைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். கேரளத்தில் 1985 ஜூலையில், தேசிய கீதத்துக்கு எழுந்து நின்றும் உடன் பாடாததற்காகச் சாட்சிகள் குடும்பத்தைச் சேர்ந்த மூன்று பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நீக்கினார்கள். அதுதான் பிஜோ இம்மானுவேல் வழக்கு. 1986 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சின்னப்ப ரெட்டியின் அமர்வு பிள்ளைகளைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. ஊரே பாடும்போது மூன்று பேர் வாய் மூடி நிற்க உரிமை உண்டு என்றது சட்டம். எனக்கு மிகவும் பிடித்த தீர்ப்பு.

பிடிக்காத தீர்ப்பும் ஒன்று உண்டு. மதத்தின் பெயராலோ சாதியின் பெயராலோ ஒருவரை விலக்கி வைப்பது செல்லாது என்று பம்பாய் அரசு 1949-இல் சட்டம் போட்டது. தாவூதி போரா முஸ்லிம்களின் தலைவரான சையத்னா அதை எதிர்த்து வழக்காடினார். 1962 ஜனவரியில், நான்குக்கு ஒன்று என்ற கணக்கில், சட்டம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. விலக்கும் அதிகாரம் மதத்தின் உள்விவகாரமாம். அந்த ஒற்றை மாற்றுத் தீர்ப்பு தலைமை நீதிபதி பி.பி. சின்ஹாவுடையது. போரா சீர்திருத்தக்காரர் அஸ்கர் அலி எஞ்சினியர் போன்றவர்கள் பல ஆண்டுகள் அந்த விலக்கோடு வாழ்ந்தார்கள்.

பிள்ளை பாட மறுத்தது அவன் வாயைப் பற்றிய முடிவு. 'இவரோடு யாரும் சாப்பிடாதே' என்பது அடுத்தவர் வாயைப் பற்றிய முடிவு. ஒரே மதச் சுதந்திரத்தின் கீழ் இரண்டையும் வைக்க என்னால் முடியவில்லை. தன் சபையில் யார் உறுப்பினர் என்று சபை தீர்மானிக்கட்டும். ஆனால் மகளோடு தாய் பேசலாமா என்பதைத் தீர்மானிக்க மூப்பர்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

இது ஒரு மதத்தின் நோய் இல்லை. தக்கலைக் கவிஞர் ஹெச்.ஜி. ரசூலை, அவர் எழுதிய ஒரு கட்டுரைக்காக 2007-இல் உள்ளூர் ஜமாத் ஊர்விலக்கம் செய்தது. ஊர்விலக்கம் என்றால் என்னவென்று நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டாம். கல்யாணத்துக்கு ஆள் வராது, மய்யித்தைத் தூக்கத் தோள் கிடைக்காது. இந்துக்கள் நிம்மதிப் பெருமூச்சு விட வேண்டியதும் இல்லை. சாதி மாறிக் கல்யாணம் செய்த குடும்பத்தைத் தள்ளி வைக்கும் ஊர்ப் பஞ்சாயத்து யாருடையது? வீடு வாடகைக்குக் கேட்டால் "நீங்க என்ன ஆளுங்க?" என்ற கேள்வி முத்தாபுதுப்பேட்டைக்கும் தெரியும்.

நார்வே அரசு 2022-இல், விலக்கி வைக்கும் இதே பிரச்சினைக்காக யெகோவாவின் சாட்சிகளின் அரசு மானியத்தை நிறுத்தியது. 2024-இல் ஆஸ்லோ நீதிமன்றம் அரசு பக்கம், 2025-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சபை பக்கம். இங்கே 1962 தீர்ப்பை மறுபடி பார்க்கும் பொறுப்பு 2023 பிப்ரவரியில் ஒன்பது நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பப்பட்டது. மகாராஷ்டிரம் சாதிப் பஞ்சாயத்துகளை மனத்தில் வைத்து, சமூகப் புறக்கணிப்புக்கு எதிராக 2016-இல் ஒரு சட்டம் இயற்றியது; மூன்றாண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். தமிழ்நாடும் அப்படி ஒன்றைக் கொண்டு வர வேண்டும்.

சட்டம் வரும்வரை நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. சபைக்குள் ஒதுங்கிவிட்டவர் வர மாட்டார் என்று தெரிந்தாலும் கல்யாணப் பத்திரிகையை அவர் வீட்டிலும் கொண்டுபோய்க் கொடுங்கள். பிரசாதத்தைத் திணிக்காதீர்கள், மதத்தைக் கிண்டல் செய்யாதீர்கள், தெருவில் பார்த்தால் பிள்ளைகளின் படிப்பை விசாரியுங்கள். என்றைக்காவது அவர் சபையை விட்டு வெளியே வர நேர்ந்தால், கூப்பிட்டுப் பேச உங்கள் நம்பராவது அவர் போனில் இருக்கட்டும்.