பல்லுக்குக் கம்பி, நாவுக்குக் கடிவாளம்!

பல்லுக்குக் கம்பி போட்ட முதல் வாரம் வேதனை மிக்கது. கம்பியின் அழுத்தத்தால் பற்கள் மெல்ல நகர்வதால் வாய் நோகும். கம்பிமுனை உரசிக் கன்னத்தின் உட்புறம் புண்ணாகும். வெதுவெதுப்பான உப்புநீரில் கொப்பளித்தால் எரிச்சல் தணியும். பல் மருத்துவர் தரும் மெழுகை உருட்டி முனைமேல் ஒட்டினால் உரசல் நிற்கும். இட்டலி, தயிர்ச்சோறு உண்ணலாம். முறுக்கு, கடலைமிட்டாய் கூடாது.

ஆனால், “கம்பி வாய்” என்று நாம் செய்யும் கேலிக்கு எந்த மெழுகு உண்டு? அதனால் அன்றோ சில தோழியர் பாடற்குழுவிலும் வாய் திறக்கக் கூசுகின்றனர்! பற்கள் நொறுக்கப்பட்டு, 249-ஆம் ஆண்டளவில் அலெக்சாந்திரியாவில் மறைசாட்சியான புனித அப்பொலோனியா, பல்நோயாளரின் பாதுகாவலி. அவரது திருநாளான பிப்ரவரி 9 அன்று தோழிக்காக மன்றாடினால் மட்டும் போதுமா? கேலியையும் விட்டொழிப்போம். அவள் பல்லுக்குக் கம்பி. நம் நாவுக்குக் கடிவாளம்!